இகழ்ந்த குரலும் இசையே



இளைஞர் விரும்பும் இசையை இரைச்சல் என்கிறோம். 1976இல் இலண்டனில் பங்க் ராக் எழுந்தபோதும் அப்பழியே சுமத்தப்பட்டது. மதிக்கப்படாதோரின் சினம் அவ்விசை.

தமிழிலும் அத்தகைய குரல் உண்டு. வடசென்னைச் சாவு வீடுகளில் ஒலித்த கானாவை மேடைக்குரியதெனப் பலர் எண்ணியதில்லை. சிறுவயதில் நான் அதைக் கேட்டு நின்றபோது, பெரியவர்கள் கையைப் பற்றி இழுத்துச் சென்றனர்.

2018 சனவரி 6 அன்று, சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அக்கானா மேடையேறிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் அமைந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர், ராக், ராப் இசைகளோடு அதனை இணைத்துச் சாதிக் கொடுமையைச் சாடினர். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற' என்னும் சொல்லே அப்பெயருக்கு மூலம். அதைப் பதிவில் கேட்டு என் கண்கள் பனித்தன.

கழக்கூட்டத்தில் வளரும் நம் மக்களும் இத்தமிழைக் கேட்கட்டும்; கைபற்றி இழுக்காது, உடனிருந்து கேட்போம்!