களரியும் பட்டமும்



ஒரு கல்லூரி புதிதாகப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்க விரும்புகின்றது. ஊரார் வேண்டுகின்றனர், ஆசிரியர் ஆயத்தமாக இருக்கின்றனர், மாணவரும் காத்திருக்கின்றனர். அவ்வாறிருந்தும் அனுமதி கிடைப்பதற்கு ஆண்டுகள் பல கழிகின்றன. இத்தாமதத்தைக் கண்டோர் சிலர் அதிகாரிகளை நோவர். சிலர் சட்டத்தை நோவர். ஆயின், இத்தடைகள் எதற்காக வைக்கப்பட்டன, அவற்றைக் கடப்பது எவ்வாறு, கடக்கும்போது கைநழுவிப் போகக்கூடியது யாது என்னும் மூன்று வினாக்களையும் அமைதியாக எண்ணிப் பார்ப்பவர் சிலரே. மட்டக்களப்பு நாட்டின் கலைக்கல்வி வரலாற்றைச் சான்றாகக் கொண்டு அவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பட்டம் என்பது யாது? முன்பின் அறியாதார்க்கு ஒரு கல்வி நிலையம் கொடுக்கும் வாக்குறுதியே பட்டம். கல்லடியிலே பயின்ற மாணவி ஒருத்தி ஆசிரியப் பணி வேண்டி மன்னாருக்கோ கொழும்புக்கோ செல்கின்றாள். அவள் பாடியதை அங்குள்ளவர் கேட்டதில்லை; அவளுடைய ஆசிரியர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எனினும், அவள் கையிலுள்ள சான்றிதழை நம்பி அவளிடம் பிள்ளைகளை ஒப்படைக்கின்றனர். அந்த நம்பிக்கைக்குக் கேடு வாராமற் காப்பதற்காகவே, எந்த நிலையமும் தானே நினைத்து, தானே பட்டம் வழங்கிவிட இயலாதபடி சட்டம் தடுத்திருக்கின்றது.

ஆகையால், இளங்கல்லூரிகள் தொடக்கத்தில் முதிர்ந்த பல்கலைக்கழகம் ஒன்றின் நிழலில் நின்று வளர்வதே உலக வழக்கமாயிற்று. ஈழநாட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1921இல் கொழும்பில் அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தன் மாணவரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளுக்கே ஆயத்தப்படுத்தியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே இந்நாடு தன் பட்டத்தைத் தானே வழங்கும் உரிமையைப் பெற்றது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1920இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றதும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வழியாகவே. அதற்கு முன்னர், 1916இல், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் அவர் சித்தி எய்தியிருந்தார். அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். பிறர் வைத்த தேர்வுகளில் தேறி, பின்னர்ப் பிறர்க்குத் தேர்வு வைக்கும் தகுதியை அடைந்தவர் அவர். கல்வி நிலையங்கள் வளரும் முறையும் இதுவே.

மட்டக்களப்பிலே இம்முறை இருமுறை நிகழ்ந்தது. 1981 ஆகஸ்டு மாதத்தில், வந்தாறுமூலையில், ஒரு மகா வித்தியாலயத்தின் கட்டிடங்களிலே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. பேராதனைப் பல்கலைக்கழகம் அதற்குத் தாய்நிலையமாக நின்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1986 ஒக்டோபரில், அக்கல்லூரி கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

கல்லடியின் கதை இதனினும் நீண்டது. செல்லையா இராசதுரை அவர்கள் பிரதேச அபிவிருத்தி அமைச்சராக இருந்த காலத்தில், 1982இல், விபுலாநந்தர் பெயரால் இசை நடனக் கல்லூரி ஒன்று அங்கே நிறுவப்பெற்றது. தமிழிசையின் பழமையை ஆராய்ந்து யாழ் நூல் யாத்தவர் பெயரை இசைக் கல்லூரி ஒன்று தாங்குவது பொருத்தமே. ஆயினும் அது பட்டம் வழங்கும் கல்லூரியாக இருக்கவில்லை. இருபது ஆண்டுகள் அளவாகக் காத்திருந்த பின்னரே அது கிழக்குப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 2005இல் அப்பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக உருப்பெற்றது. இன்று இசை, நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலைகள் ஆகிய துறைகளில் அங்கே பட்டப்படிப்புகள் நடைபெறுகின்றன. யாழ்ப்பாணத்திலும் இதற்கு ஒப்பான முன்மாதிரி உண்டு. மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரி, 1970களின் நடுவில் அங்கு அமைந்த பல்கலைக்கழக வளாகத்துடன் சேர்ந்தே பட்டநெறிக்கு வழி கண்டது.

இனி, அனுமதி பெறும் முறையைச் சிறிது நோக்குவோம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்தது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. புதிய பட்டப்படிப்புக்கான முன்மொழிவு முதலில் துறையிலே எழுதப்படும். பின்னர்ப் பீடத்தின் சபை அதனை ஆராயும். அதன்மேல் கல்விக்குப் பொறுப்பான மூதவையும், நிருவாகத்துக்குப் பொறுப்பான பேரவையும் ஆராயும். அவற்றையெல்லாம் கடந்த பின்னரே அது ஆணைக்குழுவைச் சென்றடையும். ஆணைக்குழுவும் துறை வல்லுநரிடம் அதனை ஒப்படைத்து அவர்தம் கருத்தைக் கேட்கும்.

இத்தனை வாயில்களிலும் கேட்கப்படும் வினாக்கள் உண்மையில் ஐந்தே. மாணவரை எவ்வாறு தெரிவீர்கள்? எதனை, எத்தனை காலம், எந்த ஒழுங்கிற் கற்பிப்பீர்கள்? கற்றதை எவ்வாறு சோதிப்பீர்கள்? பட்டம் பெற்றவர் எப்பணிக்கு உதவுவர்? கற்பிக்கும் தகுதி உடையவர் உங்களிடம் உளரா? இவற்றை அளப்பதற்குத் தேசிய தகைமைச் சட்டகம் ஒன்றும் உண்டு. அதன்படி நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிற் வேண்டும். ஒரு கிரெடிற்றுக்கு 50 மணி நேரக் கற்றல் எனக் கணக்கிடுவர். வகுப்பிலே கேட்பதும், தனித்துப் பயில்வதும், தேர்வுக்கு ஆயத்தம் செய்வதும் ஆகிய அனைத்தும் அந்நேரத்துள் அடங்கும். ஆகவே, 6,000 மணி நேர உழைப்புக்கு அடையாளமே ஒரு சிறப்புப் பட்டம்.

இவ்வினாக்களைக் கேட்டவுடன் கிராமியக் கலைகளில் ஈடுபாடு உடையோர் மனந்தளர்வதுண்டு. 'நம்முடைய கூத்துக்குப் பாடத்திட்டம் ஏது, தேர்வு ஏது?' என்று அவர்கள் எண்ணுவர். இவ்வெண்ணம் தவறானது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் பழக்கப்படும் முறையை ஊன்றி நோக்கினால், அவ்வினாக்களிற் பெரும்பாலானவற்றுக்கு நம் முன்னோர் எப்பொழுதோ விடை கண்டிருத்தல் புலனாகும்.

கூத்து ஆடுவதென ஊரார் முடிவு செய்ததும் அண்ணாவியார் அழைக்கப்படுகின்றார். ஆட முன்வருவோரின் குரலையும், உடலமைப்பையும், ஆட்டத்திற்கு இசையும் தன்மையையும் பார்த்து, இன்னார்க்கு இன்ன பாத்திரம் என அவர் வகுக்கின்றார். அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. இதனைச் சட்டங் கொடுத்தல் என்பர். மாணவரைத் தெரிதல் என்பது இதுவன்றோ? பின்னர் இரவுதோறும் பயிற்சி. தாளக்கட்டுக்கு அடி வைத்தல் முதலில். வரவு ஆட்டம் அடுத்து. பாட்டும் ஆட்டமும் கூடுதல் அதன்மேல். ஆட்டம் ஓரளவு கைவந்த பின்னரே காலிற் சதங்கை ஏறும். பிறகு கிழமைதோறும் ஊரார் முன்னிலையில் ஆடிக் காட்டுவது கிழமைக்கூத்து. கூத்து முழுவதையும் தொடக்கம் முதல் இறுதிவரை ஆடிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். இவையெல்லாம் முடிந்து, உடுப்பும் முடியும் தரித்து, வட்டக்களரியிலே விடிய விடிய ஆடுவது அரங்கேற்றம். மாதக்கணக்கில் நீளும் இவ்வொழுங்கினைப் பாடத்திட்டம் என்னாது வேறு என்னென்பது? களரியைச் சுற்றி அமர்ந்திருக்கும் முதியோரைவிடக் கண்டிப்பான தேர்வாளர் எந்த மண்டபத்தில் உளர்? ஒருவன் தாளம் பிசகினால் அன்றிரவே ஊர் அறியும்.

ஆகவே, கூத்தை முதன்மையாகக் கொண்டு ஒரு பட்டப்படிப்பினை முன்மொழிய விரும்புவோர் வெறுங்கையோடு செல்லவேண்டியதில்லை. களரியிலே உள்ள ஒழுங்கினைச் சபைகள் விளங்கிக்கொள்ளும் மொழியிலே, மிகையும் குறையுமின்றி எழுதுதலே அவர்தம் பணி. நான்காவது வினாவாகிய பணி பற்றியும் அவர்கள் தயங்கவேண்டியதில்லை. நம் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு முதல் இசை, நடனம், நாடகம், சித்திரம் என்னும் அழகியற் பாடங்கள் உண்டு. அவற்றைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும்.

எஞ்சியுள்ளது ஐந்தாவது வினா. அதுவே கடினமானது. கற்பிப்பவரின் தகுதிக்குச் சான்று யாது? விரிவுரையாளர் ஆவதற்குப் பட்டம் வேண்டும்; பட்டத்தின் மேற் பட்டமும் வேண்டும். ஆயின், கூத்தை முழுமையாக அறிந்த அண்ணாவியாரோ பள்ளியிற் சில வகுப்புகளே கற்றவராயிருத்தல் கூடும். யாருடைய அறிவைக் கற்பிப்பதற்காகப் படிப்பு தொடங்கப்படுகின்றதோ, அவரே வாயிலுக்கு வெளியே நிற்கும் நிலை இதனால் நேர்கின்றது.

இதற்கும் வழிகாட்டும் நிகழ்ச்சி ஒன்று நம் வரலாற்றில் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர் என்னும் கூத்தினை மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்து, நகர மேடைக்கு ஏற்பச் சுருக்கி அமைக்கப்பெற்றது. அங்கே மாணவர்க்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பேராசிரியர் அமைப்பைக் கவனித்தார். அண்ணாவியார் ஆட்டத்தைக் கற்பித்தார். ஒருவர் மற்றவரின் இடத்தைக் கவர்ந்துகொள்ளவில்லை. அவ்வாறு பயின்ற மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்று, கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் விளங்கினார். வந்தாறுமூலைக்குப் பல்கலைக்கழகம் வருவதற்கு இரு பதிற்றாண்டுகள் முன்னரே, வந்தாறுமூலை பல்கலைக்கழகத்துக்குச் சென்று கற்பித்துவிட்டது.

இவ்வளவும் எதற்காக என்று ஒருவர் வினவலாம். விடையை அறிய மட்டுநகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லல் வேண்டும். வாழைச்சேனையைக் கடந்து, வாகரையையும் கடந்து, திருகோணமலைத் தெருவிலே சென்றால், ஒரு புறம் கடலும் மறுபுறம் காடும் களப்பும் சூழ்ந்த கதிரவெளியை அடையலாம். பழங்கால மக்கள் தம் இறந்தோர்க்கு அமைத்த ஈமக்கற்களாற் பெயர் பெற்ற தொன்மையான ஊர் அது. மீன்பிடியும் பயிர்ச்செய்கையுமே அப்பகுதி மக்களின் பிழைப்பு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் அக்கரையைத் தாக்கியது. 2006 நவம்பரில், கதிரவெளிப் பாடசாலையிலே தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். அதனை அடுத்த வாரங்களில் வாகரைப் பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். 2007இலேயே மீளத் தொடங்கினர்.

கூத்து, ஊர் நிலைத்திருந்தால் மட்டுமே வாழும் கலை. அதற்குக் களரி வேண்டும், அயலவர் கூடவேண்டும், மாதக்கணக்கில் அச்சமற்ற இரவுகள் வேண்டும். முகாமிலே மத்தளம் ஒலிப்பது அரிது. ஏடு மழையில் நனைந்தாற் போயிற்று. அண்ணாவியார் மறைந்தால் அவர் நினைவிலிருந்த ஆட்டமும் அவரோடு மறைந்தது. இத்தகைய இடர்களைக் கண்ட நிலத்திலே, கலைக்கு ஊரையன்றி இன்னொரு புகலிடமும் வேண்டும். பட்டப்படிப்பு அப்புகலிடமாதல் கூடும். கதிரவெளிப் பிள்ளை ஒருவன் கல்லடிக்குச் சென்று முறையாகக் கற்று, ஆசிரியனாக வாகரைக்கே மீள்வானாயின், அவனுக்குப் பிழைப்பும் கிடைக்கின்றது. ஊருக்கு அதன் கலையும் மீளக் கிடைக்கின்றது.

ஆயினும் இங்கே ஓர் அபாயமும் உண்டு. பட்டம் வந்தபின், பட்டமில்லாதவன் கலைஞனல்லன் என்னும் எண்ணமும் கூடவே வந்துவிடலாம். விடிய விடிய ஆடிய கூத்து, தேர்வு மண்டபத்திலே அரைமணி நேர ஆட்டமாகச் சுருங்கி, அவ்வளவே கூத்து என்று அடுத்த தலைமுறை நம்பிவிடலாம். களரி வெறுமையாகி, சான்றிதழ் மட்டும் சுவரிலே தொங்குமாயின், காப்பாற்ற முனைந்ததை நாமே இழந்தவர்களாவோம்.

இதனைத் தவிர்க்க, முன்மொழிவை எழுதும்பொழுதே இரண்டு ஏற்பாடுகளை அதில் இடம்பெறச் செய்தல் நன்று. முதலாவது, அண்ணாவியாரை வருகைதரு ஆசிரியராக, உரிய ஊதியத்துடனும் மதிப்புடனும் அமர்த்துதல். எழுத்துத் தேர்வினை விரிவுரையாளர் நடத்துக. ஆட்டத்துக்கான புள்ளியை அண்ணாவியார் இடுக. இரண்டாவது, இறுதியாண்டு மாணவர் மண்டபத்திலன்றி ஓர் ஊரின் களரியிலே, அவ்வூராரையும் சேர்த்துக் கூத்துப் பழக்கி அரங்கேற்றுதல். அந்த ஊர் கதிரவெளியாகவும் இருக்கலாம், மண்டூராகவும் இருக்கலாம். அதற்குச் செல்லும் இரவுகள் அனைத்தும் கற்றல் நேரமாகக் கணக்கிடப்படல் வேண்டும். சட்டகத்தின் 50 மணி நேரக் கணக்கு இதற்குத் தடையன்று, துணையே. கற்றல் வகுப்பறைக்கு வெளியிலும் நிகழும் என்பதை அக்கணக்கே ஏற்றுக்கொள்கின்றது.

சபைகளின் வினாக்களைப் பகையென்று கருதாது, விடை கூறக் கிடைத்த வாய்ப்பு என்று கருதுவோரே இத்தகைய முயற்சியில் வெற்றி காண்பர். கல்லடிக் கல்லூரி இருபது ஆண்டுகள் காத்திருந்தது. அக்காலத்தில் அது கதவை மூடிவிட்டு அனுமதியை எதிர்பார்த்திருக்கவில்லை. நாள்தோறும் கற்பித்துக்கொண்டே காத்திருந்தது. அனுமதி கிடைத்த நாளிலே கற்பிப்பதற்குப் பொருளும், கற்பதற்கு மாணவரும் அங்கே இருந்தமைக்குக் காரணம் அதுவே. புதிய பட்டம் வேண்டி நிற்கும் ஒவ்வொரு கல்லூரியும் மனத்திற் கொள்ளத்தக்கது இவ்வுண்மை.