ஒரே ஒரு போர்ப் பயணம்



போர் விமானி ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர்கள் முதலில் கேட்பது ஒரு கணக்கைத்தான்: எத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தினார்? அந்தக் கணக்கில் உலகத்திலேயே முதலிடம் எரிக் ஹார்ட்மன் என்ற ஜெர்மானியருக்கு. இரண்டாம் உலகப் போரில் அவர் பெயரில் எழுதப்பட்டவை 352 விமானங்கள். 1942இல், இருபது வயதில், ரஷ்யப் போர்முனைக்குப் போனார். போர் முடிந்த 1945 மே மாதம் வரை ஆயிரத்து நானூறு முறைக்கு மேல் சண்டைக்குக் கிளம்பியிருக்கிறார்.

இவ்வளவு பெரிய எண் எப்படி வந்தது? திறமை இருந்தது, சந்தேகமில்லை. அதோடு வேறு காரணங்களும் இருந்தன. பிரிட்டனும் அமெரிக்காவும் தங்கள் விமானிகளைக் குறிப்பிட்ட காலம் பறக்கவிட்டு, பிறகு ஓய்வுக்கோ, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவோ அனுப்பிவிடும். ஜெர்மன் விமானிக்கு அந்தக் கொடுப்பினை அரிது. சாகும்வரை, இல்லையென்றால் கை கால் போகும்வரை, அவர் பறந்துகொண்டே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படியே மாண்டார்கள். அவர்கள் உழைத்தது ஹிட்லரின் ஆட்சிக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த ஆட்சி செய்த கொடுமைகளை விலக்கி வைத்துவிட்டு 352 என்ற எண்ணை மட்டும் கொண்டாட என் மனம் ஒப்பவில்லை.

ஹார்ட்மன் சோவியத் சிறையில் பத்தாண்டுகள் கிடந்து, 1955இல் ஊர் திரும்பினார். மேற்கு ஜெர்மனியின் புதிய விமானப்படையில் சேர்ந்தார். அப்போது அந்த நாடு அமெரிக்காவின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை வாங்கத் துடித்தது. ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடியது அது. ஆனால் குட்டையான, கத்தி போல மெல்லிய இறக்கைகள். ‘நம் விமானிகளுக்கு இன்னும் அனுபவம் போதாது, இந்த விமானம் வேண்டாம்’ என்று எச்சரித்தவர்களில் ஹார்ட்மனும் ஒருவர். மேலிடம் கேட்கவில்லை. 900க்கும் மேற்பட்ட ஸ்டார்ஃபைட்டர்களை வாங்கினார்கள். அவற்றில் ஏறக்குறைய 300 விமானங்கள் விபத்துகளில் போயின. நூற்றுக்கும் மேற்பட்ட விமானிகள் உயிரிழந்தார்கள். எண்ணிக்கையில் உலகச் சாதனை படைத்தவரின் சொல்லுக்கே அவர் நாட்டில் மதிப்பில்லாமல் போனது.

அதே ஸ்டார்ஃபைட்டரை நம் நாட்டு வானத்துக்கு அருகே நேருக்கு நேர் சந்தித்த ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்தேன். நம்முடைய கோலார் தங்கவயல் கர்நாடகத்தின் கிழக்குக் கோடி. அவர் பிறந்த குடகு மேற்குக் கோடி. பெயர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. 1932 டிசம்பர் 24 அன்று பிறந்தவர். 1954இல் இந்திய விமானப்படையில் அதிகாரியானார். ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவையும் ஜெனரல் திம்மய்யாவையும் தந்த மண்ணின் பிள்ளைக்குப் படையில் சேர்வது புதுமையே இல்லை.

1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் மூண்டபோது தேவய்யா ஸ்குவாட்ரன் லீடர். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக இருந்தவர். போருக்காக அவரைப் பஞ்சாபில் ஜலந்தர் அருகே உள்ள ஆதம்பூர் தளத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது முதலாம் ஸ்குவாட்ரன். புலிகள் என்று பெயர் பெற்ற படைப்பிரிவு. அவர்களிடம் இருந்தது பிரான்ஸ் நாட்டு மிஸ்டேர் விமானம். நேர்கோட்டில் பறக்கும்போது ஒலியின் வேகத்தைக்கூட எட்ட முடியாத, ஒரு தலைமுறை முந்தைய விமானம்.

செப்டம்பர் 6 மாலை பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட் தளத்தைத் தாக்கி, தரையில் நின்ற நம் விமானங்களை எரித்தன. மறுநாள் விடியற்காலை பதிலடி. இலக்கு சர்கோதா. பாகிஸ்தான் விமானப்படையின் பலமெல்லாம் குவிந்திருந்த தளம் அது. விங் கமாண்டர் ஓ. பி. தனேஜா தலைமையில் 12 மிஸ்டேர்கள் போவதாகத் திட்டம். சர்கோதா அந்த விமானத்தின் எட்டும் தூரத்தின் ஏறக்குறைய விளிம்பில் இருந்தது. நேராகப் போய், குண்டைப் போட்டுவிட்டு, நேராகத் திரும்பி வரத்தான் எரிபொருள். நடுவில் நின்று சண்டை போட எரிபொருள் கிடையாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் தேவய்யா பெயர் இல்லை. அவர் மாற்று விமானி. யாருடைய விமானமாவது கிளம்ப முடியாமல் நின்றுவிட்டால் அந்த இடத்துக்குப் போக வேண்டியவர். ஆனாலும் அன்று அவரும் கிளம்பினார். இருட்டில், தரையை ஒட்டி, ராடார் கண்ணில் படாமல் அந்த அணி மேற்கே பறந்தது.

சர்கோதாவைத் தாக்கிவிட்டு நம்மவர்கள் திரும்பும்போதுதான் ஸ்டார்ஃபைட்டர் வந்தது. ஓட்டியவர் பாகிஸ்தானின் ஃப்ளைட் லெஃப்டினன்ட் அம்ஜத் ஹுசைன். ஏவுகணையும், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குண்டு பொழியும் பீரங்கியும் உள்ள விமானம். முதலில் தாக்கியது அதுதான். வேகத்தில் தேவய்யா அதனிடமிருந்து தப்பவே முடியாது. அவருக்கு ஒரே வழி இருந்தது. திரும்புவது.

இங்கே விமானங்களின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். இறக்கை குட்டையாக இருந்தால் நேர்கோட்டில் அம்பு போலப் போகலாம். ஆனால் சட்டென்று வளைந்து திரும்ப முடியாது. வளைய வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகத்தைக் குறைத்தால் ஸ்டார்ஃபைட்டரின் பெரிய பலமே போய்விடும். மிஸ்டேரோ மெதுவானது. ஆனால் சிறிய வட்டத்தில் திரும்பும். தரைக்கு மிக அருகே, இரண்டு விமானங்களும் ஒன்றையொன்று சுற்றிய அந்தச் சண்டையில், அம்ஜத் ஹுசைன் வேகத்தை விட்டுக்கொடுத்துத் திரும்பினார். தேவய்யாவுக்கு அது போதும். மிஸ்டேரின் மூக்கில் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு. அவருடைய குண்டுகள் ஸ்டார்ஃபைட்டரைத் தாக்கின. அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். தேவய்யாவின் விமானமும் விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. வயது 32.

ஆதம்பூரில் தாக்குதலுக்குப் போனவர்களை எண்ணிப் பார்த்தார்கள். தேவய்யா வரவில்லை. அவருடைய சண்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் தரப்பில் யாரும் இல்லை. தரையிலிருந்து சுட்டு வீழ்த்தினார்களா, எரிபொருள் தீர்ந்ததா, ஒன்றும் தெரியவில்லை. காணவில்லை என்று பதிந்தார்கள். பிறகு இறந்ததாகக் கருதப்பட்டார். அவர் மனைவி சுந்தரி தேவய்யாவுக்கு அரசால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

பதினான்கு ஆண்டுகள் போயின. 1979இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1965 வான்போரைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பாகிஸ்தான் விமானப்படை கொடுத்த தகவல்களை வைத்து, அவர்களுக்குச் சாதகமாகவே எழுதிய புத்தகம் அது. அதில்தான், சர்கோதா அருகே ஒரு மிஸ்டேரோடு நடந்த சண்டையில் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை இழந்ததாகச் செய்தி இருந்தது. நம் பக்கம் இருந்தவர்கள் தேதியையும் இடத்தையும் பொருத்திப் பார்த்தார்கள். அன்று அந்தத் தாக்குதலில் திரும்பி வராத மிஸ்டேர் ஒன்றுதான். அது தேவய்யாவுடையது. அணியை அழைத்துப் போன தனேஜா, ஓய்வு பெற்ற பிறகும், தம் சகாவுக்குரிய மரியாதை கிடைக்கப் பாடுபட்டார். 1988இல் தேவய்யாவுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது. அவர் இறந்து 23 ஆண்டுகள் கழித்து. விருதைப் பெற்றுக்கொண்டவர் சுந்தரி தேவய்யா. 2025 ஜனவரியில் வெளியான ‘ஸ்கை ஃபோர்ஸ்’ என்ற இந்திப் படம் இந்த வரலாற்றைத் தழுவியதுதான். இன்று மடிக்கேரியில் ஒரு நாற்சந்திக்கு அவர் பெயர் இருக்கிறது.

நேயர்களே, எண்ணிக்கைப் பட்டியல் போட்டால் தேவய்யாவின் கணக்கு ஒன்று. அவர் போர் வாழ்க்கை என்று உலகம் அறிந்ததே அந்த ஒரு காலைப்பொழுதுதான். ஆனாலும் 352ஐவிட இந்த ஒன்று எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பலவீனமான விமானத்தில், திரும்பி வர எரிபொருள் இருக்காது என்று தெரிந்தும், எதிரியை முகத்துக்கு நேரே சந்தித்தவர் அவர். அதையும் எதிரி வீட்டு ஏட்டிலிருந்துதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஏட்டில் ஒரு பத்தி விடுபட்டிருந்தால், தேவய்யா இன்றும் காணாமல் போனவர் மட்டுமே.

ஏட்டில் ஏறாத வீரம் என்னவென்று தங்கவயலில் இருக்கும் நமக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரி, சேலம் பக்கமிருந்தும் வந்த நம் பாட்டன்மார், தங்கம் தோண்ட மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் பூமிக்குள் இறங்கினார்கள். பாறை வெடிப்பில் எத்தனையோ பேர் மாண்டார்கள். சிக்கியவர்களை மீட்க அதே இருட்டுக்குள் மறுபடி இறங்கியவர்கள் இருந்தார்கள். கம்பெனிக் கணக்கில் எடுத்த தங்கம் எத்தனை அவுன்ஸ் என்று துல்லியமாக இருக்கிறது. திரும்பி இறங்கியவன் யார், அவன் என்ன செய்தான் என்பதற்கு உடன் வேலை பார்த்தவர்களின் நினைவுதான் சாட்சி. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். அந்தச் சாட்சிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது.

நம் லைன் வீடுகளிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்களும் உண்டு. பெங்களூரின் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு நமக்கு எட்டும் தூரத்தில்தானே இருக்கிறது. அவர்களில் சிலருடைய பதக்கங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். எந்தப் போர், எந்த ஊர், என்ன நடந்தது என்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது. ஒரு வீரன் செய்ததைப் பதிந்து வைப்பது அரசாங்கத்தின் வேலை, உண்மைதான். அரசாங்கம் தவறவிட்டால் எழுதிவைக்க வேண்டியவர்கள் அவன் வீட்டாரும் கூட்டாளிகளும்.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், படையிலோ சுரங்கத்திலோ வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்காருங்கள். வருடம், இடம், கூட இருந்தவர்கள் பெயர், இவற்றைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அந்த நோட்டின் நகல் ஒன்றைப் பள்ளி நூலகத்துக்கோ சங்கத்துக்கோ கொடுங்கள். நம்மவர் செய்ததை நாமே எழுதிவைப்போம்.