மேஜரின் பாடத்திட்டத்தில் மட்டக்களப்பு

அவையோரே, இலங்கை இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணி 200,783 இலிருந்து 2024 அளவில் 135,000 ஆகவும், 2030 அளவில் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என 2023 ஜனவரியில் அரசு அறிவித்தபோது, எத்தனை பேர் போவார்கள் என்ற கணக்கே பெரிதும் பேசப்பட்டது. எத்தகைய அதிகாரிகள் எஞ்சுவார்கள் என்பதே மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் முகாம்களின் அயலில் வாழும் மக்களுக்கு முதன்மையான வினா.

இதற்குரிய விடையின் பெரும்பகுதி சபுகஸ்கந்தையிலுள்ள பாதுகாப்புச் சேவைகள் கட்டளை மற்றும் பதவிநிலைக் கல்லூரியில் தீர்மானிக்கப்படுகிறது. பதவிநிலைக் கல்வி என்பது, படைப்பிரிவை நேரில் நடத்திப் பழகிய மேஜர் தரத்து அதிகாரியைத் திட்டமிடலுக்கும் உயர் கட்டளைக்கும் ஆயத்தப்படுத்தும் இடைக்காலக் கல்வியாகும். நீலகிரி வெலிங்டனிலுள்ள இந்தியக் கல்லூரியில் இத்தகைய கல்விக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டம் அளிக்கிறது. சேவையில் இருந்தபடியே அறிவில் உயரலாம் என்ற நம்பிக்கைதான் திறமையுள்ள அதிகாரியைப் படையில் நிறுத்துகிறது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் முதலில் வெளியேறுபவர் அவரே.

ஆயினும், தாம் கட்டளையிடும் மண்ணின் மொழியை அறியாதவருக்குப் பட்டம் கொடுப்பதால் மட்டும் பயனில்லை. 1988 இன் 16 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர் இரண்டாம் மொழித் தேர்ச்சி பெற வேண்டும் எனச் சுற்றறிக்கை விதிக்கிறது. கச்சேரி எழுதுவினைஞருக்குரிய அந்தக் கடப்பாடு, ஆயுதந்தாங்கிய படையணியை நடத்தும் மேஜரின் பதவி உயர்வையும் பிணைக்க வேண்டும்.

மொழியோடு வரலாறும் கற்பிக்கப்பட வேண்டும். 1990 செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவேயில்லை. போர்க்களத் தோல்வியை வரைபடம் விரித்து ஆராயும் கல்லூரி, அன்றைய கட்டளைத் தொடரையும், அதாவது ஆணை யாரிடமிருந்து யாருக்குச் சென்றது, தடுத்திருக்க வேண்டியவர் ஏன் தடுக்கவில்லை என்பதையும், அதே கண்டிப்போடு ஆராயக் கடமைப்பட்டது. சட்டவிரோத ஆணைக்கு மறுப்புச் சொல்லக் கற்காத அதிகாரியின் கல்வி அரைகுறைக் கல்வியே.

படையினருக்குக் கல்வி கொடுப்பது படையை வலுப்படுத்துவதாகாதா, முகாம்களை அகற்றக் கோருவதே முறையாகாதா எனத் தமிழர் பக்கத்திலிருந்தே கேள்வி எழுகிறது. காணி விடுவிப்பும் முகாம் குறைப்பும் விட்டுக்கொடுக்க முடியாத கோரிக்கைகள்தாம். ஆனால் அவை நிறைவேறும் நாள்வரை, ஒரு தாயின் தமிழ் மனுவை மொழிபெயர்ப்பாளர் துணையின்றி வாசிக்கும் அதிகாரி முகாமில் இருப்பது அந்தத் தாய்க்குப் பாதுகாப்பு. படைக் கல்வியில் குடிமக்களுக்கு என்ன வேலை எனக் கொழும்பில் கேட்போருக்குரிய பதில், அதற்கான செலவு குடிமக்களின் வரிப்பணம் என்பதே.

பதவிநிலைக் கல்வியின் ஒரு பருவம் வந்தாறுமூலையில், பல்கலைக்கழக விரிவுரையாளர்களின் பொறுப்பில், தமிழில் நடத்தப்பட வேண்டும். கிழக்கில் கட்டளைப் பதவி, அதில் தேறியவருக்கே வழங்கப்பட வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், பாதுகாப்பு அமைச்சின் செலவினம் மீதான அடுத்த குழுநிலை விவாதத்திலேயே இக்கோரிக்கையை எழுப்ப வேண்டும். எழுப்பாதவரிடம் காரணம் கேட்பது இந்த அவையின் பொறுப்பு.