பரிசு கிடைக்காத ஒருவர்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு பெறும் பிள்ளைகளை எல்லாரும் பாராட்டிவிட்டார்கள். பரிசு கிடைக்காத பிள்ளைகளுக்காக நான் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக் தேர்வில் இரண்டு முறை தோற்றார். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்தது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது. பிறகு அமெரிக்கா சென்றார். 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

நம் உடம்பிலே நொதிகள் என்னும் வேலையாட்கள் உண்டு. கீரையில் உள்ள ஃபோலிக் சத்தை ஒரு நொதி பக்குவப்படுத்தினால்தான் செல்கள் பெருகும். புற்றுநோய்ச் செல்லோ கண்மண் தெரியாமல் பெருகுவது. ஃபோலிக் சத்தைப் போலவே ஒரு போலியைக் கொடுத்தால், நொதி அதைப் பற்றிக்கொண்டு தன் வேலையை விட்டுவிடும். பூட்டுக்குள் தப்புச் சாவி சிக்கிய கதைதான்! இப்படிப்பட்ட மருந்துகளைச் சுப்பாராவின் குழு செய்தது.

1947-இல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். 1980-களில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கான நான்கு மருந்துக் கூட்டில் அதுவும் சேர்ந்தது. முடக்குவாத மூட்டு வலிக்கும் கொடுக்கிறார்கள். குறைந்த அளவில், வாரம் ஒரு முறைதான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுநீரில் இரத்தம் கண்டால், "வலிதான் இல்லையே, உடம்புச் சூடு" என்று இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வெட்கப்படாமல் உடனே பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். புகையின் நஞ்சு சிறுநீர்ப்பையிலும் வந்து தேங்குகிறது.

சுப்பாராவ் 1948-இல், 53 வயதில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. அவர் குழு தந்த மருந்து இன்றும் நோயாளிகளுக்கு உதவுகிறது.

பிள்ளைகளே, இன்று உங்கள் பெயரை வாசிக்கவில்லை என்றால் தலை குனியாதீர்கள். பெற்றோர்களே, வீட்டுக்குப் போய் ஏசாதீர்கள். மூன்றாம் முறையும் படிக்கப் பக்கத்தில் உட்காருங்கள்.