ரம்பத்துக்குத் தண்ணீர் உண்டு, தொழிலாளிக்கு?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

அமெரிக்காவில் அரிஸோனா என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. அதன் தலைநகர் பீனிக்ஸ், பாலைவனத்தின் நடுவே எழுந்த பெரிய நகரம். அங்கே வீடுகளில் கான்கிரீட் அறுக்கும் தொழிலாளிகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

"பஞ்சாலையில் நூல் நூற்கிற எனக்கும், வயலில் நாற்று நடுகிற எனக்கும் அரிஸோனாக்காரன் தரையை அறுத்தால் என்ன, அறுக்காவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தரையை ஏன் அறுக்கிறார்கள்?

பீனிக்ஸில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலவறை கிடையாது. மண்ணைச் சமன் செய்து, அதன் மேல் சுமார் 4 அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட் கொட்டி, அந்தத் தளத்தின் மேலேயே வீட்டை எழுப்புகிறார்கள். சாக்கடைக் குழாய் அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் போகிறது. குழாய் உடைந்தால் தளத்தை அறுக்க வேண்டும். குளியலறையை இடம் மாற்றினாலும் அறுக்க வேண்டும்.

புதுத் தளத்திலும் ரம்பத்துக்கு வேலை உண்டு. பாலைவன வெயிலில் கான்கிரீட்டின் ஈரம் மளமளவென்று வற்றிவிடும். தளம் கண்டபடி வெடிக்கும். அது வெடிப்பதற்கு முன்பாக, கொட்டிய சில மணி நேரத்துக்குள், கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு நேர்கோடாகக் கீறிவிட வேண்டும். அப்போதுதான் வெடிப்பு அந்தக் கோட்டுக்குள் அடங்கும். ஆகவே கோடையில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கான்கிரீட் கொட்டுகிறார்கள். ஏழு நாளாவது அதற்கு ஈரம் காக்க வேண்டும் என்பது கட்டிட வேலையின் விதி. நம் ஊர் சித்தாள் பெண்ணுக்கும் தெரிந்த விதிதான். கான்கிரீட்டுக்கு வெயில் ஆகாது, தண்ணீர் வேண்டும் என்பதை முதலாளி நன்றாக அறிந்திருக்கிறான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அபாயமும் உண்டு. அந்தப் பகுதியில் பல இடங்களில் மண் நமது கரிசல் மண்ணைப் போன்றது. நனைந்தால் பொங்கும், காய்ந்தால் சுருங்கும். அதைத் தாங்குவதற்காகப் பல வீடுகளில் தளத்துக்குள்ளே எஃகு வடங்களைப் போட்டு இழுத்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு வடமும் சுமார் 15 டன் விசையில் இழுபட்டு நிற்கிறது. தெரியாமல் ரம்பம் அதில் பட்டு வடம் அறுந்தால், அது தளத்தைப் பிளந்துகொண்டு வெளியே பாயும். எதிரே நிற்பவன் கதி என்ன? ஆகவே இத்தகைய வீடுகளில் கார் நிறுத்தும் கொட்டகையின் தரையில் "அறுக்காதே, துளைக்காதே" என்று எச்சரிக்கை பதித்திருப்பார்கள். தரைக்குள் ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவியால் வடம் ஓடும் இடத்தைக் கண்டுபிடித்துக் கோடு போட்ட பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தும் காண்டிராக்டர் மிச்சம் பிடிப்பது அந்த நேரத்தைத்தான்.

வெட்டுவதல்ல, அரைப்பது

இந்த ரம்பத்துக்கு மரம் அறுக்கும் ரம்பம் போலப் பல் கிடையாது. வட்டமான எஃகுத் தகட்டின் விளிம்பில் செயற்கை வைரத் துணுக்குகளைப் பதித்திருக்கிறார்கள். அது சுழன்று சுழன்று கான்கிரீட்டை அரைத்துப் பொடியாக்குகிறது. அறுத்த கோட்டில் இருந்த கான்கிரீட் முழுவதும் தூளாகிறது.

கான்கிரீட்டில் மணலும் ஜல்லியும் இருக்கின்றன. மணலில் இருப்பது சிலிக்கா. அரைபட்ட சிலிக்காவின் நுண்தூள் கடற்கரை மணலைவிட நூறு மடங்குக்கு மேல் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. முகத்தில் கட்டிய துண்டுக்குள் தாராளமாகப் புகுந்துவிடும். நுரையீரலின் அடிவரை சென்று அங்கே தங்கும். தங்கிய இடம் தழும்பாகி இறுகும். இந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். சாதாரணமாகப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தலைகாட்டும். தூசி மிக அதிகமானால் சில மாதங்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும். காசநோய் எளிதில் தொற்றும். இறுகிய நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்று வரை இல்லை.

மருந்து இல்லை, ஆனால் தடுக்கும் வழி உண்டு. ரம்பத்தின் மேல் தண்ணீர் ஓட விட்டால் தூசி சேறாகிவிடும். சேறு காய்வதற்குள் உறிஞ்சி அகற்றிவிட வேண்டும். காய்ந்தால் மறுபடியும் தூசிதான். ஒரு தொட்டி, ஒரு குழாய், கொஞ்சம் தண்ணீர். இவ்வளவுதான் செலவு!

பெரிய ரம்பங்களுக்குத் தண்ணீர் எப்போதும் விடுகிறார்கள். விடாவிட்டால் விலை உயர்ந்த வைரத் தகடு சூட்டில் கெட்டுப்போகும். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்குள் கை ரம்பத்தால் அறுக்கும்போது என்ன நடக்கிறது? தண்ணீர் விட்டால் சேறாகும். தரை விரிப்பு பாழாகும். சுத்தம் செய்யக் கூலி கொடுக்க வேண்டும். "உலர்ந்தபடியே அறு" என்கிறான் காண்டிராக்டர். தகட்டைக் காக்கத் தண்ணீர் வருகிறது. விரிப்பைக் காக்கத் தண்ணீர் நிற்கிறது. தொழிலாளியின் நுரையீரல் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

ஹாக்ஸ் நெஸ்ட் சொல்லும் பாடம்

இந்த உண்மை நேற்றுக் கண்டுபிடித்ததல்ல, தோழர்களே. 1930இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். வேலை நடந்தது யூனியன் கார்பைடின் துணைக் கம்பெனிக்காக. ஆம், 1984 டிசம்பரில் போபாலில் நமது மக்களைக் கொன்ற விஷவாயுவுக்குச் சொந்தக்காரனான அதே யூனியன் கார்பைடுதான்! பாறையோ சிலிக்கா நிறைந்த பாறை. தண்ணீர் விட்டுத் துளையிட்டால் வேலை மெதுவாகும் என்று உலர்ந்தபடியே துளையிட வைத்தார்கள். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் பஞ்சம் பிழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளிகள். அவர்களில் குறைந்தது 764 பேர் மாண்டார்கள் என்று மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் 1986இல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டினார். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. 1938இல் "சிலிக்கோசிஸை நிறுத்துவோம்" என்று அமெரிக்கத் தொழில் இலாகா சினிமாப் படமே எடுத்தது.

அதோடு நின்றதா? 1974இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிலையம், ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காத் தூசிக்கு மேல் இருக்கக் கூடாது என்று சிபாரிசு செய்தது. ஒரு கிராமை 20,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் 50 மைக்ரோகிராம். அந்த சிபாரிசு சட்டவிதியானது 2016இல். 42 ஆண்டுகள்! அதுவரை கட்டிடத் தொழிலில் ஏறத்தாழ 5 மடங்கு தூசிக்கு அனுமதி இருந்தது. இந்த 42 ஆண்டுகளில் ஒரு தலைமுறைத் தொழிலாளிகள் வேலைக்கு வந்து, உழைத்து, மூச்சு இறைக்க வீடு திரும்பியிருக்கிறார்கள்.

விதி வந்த உடனே முதலாளிகள் நீதிமன்றம் ஓடினார்கள். கட்டிடத் தொழிற்சங்கங்களும் விடவில்லை, அவர்களும் வழக்காடினார்கள். 2017 டிசம்பரில் முதலாளிகளின் வாதங்களை நீதிமன்றம் தள்ளிவிட்டது. நோயின் காரணமாக வேலையை விட்டு விலக்கப்படும் தொழிலாளிக்குக் கூலிப் பாதுகாப்பை ஏன் சேர்க்கவில்லை என்று அரசையும் கேட்டது. அந்த விதியின்படி கை ரம்பத்தோடு தண்ணீர் விடும் அமைப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். அப்படியிருந்தும் வீட்டுக்குள்ளே அறுத்தால் தூசியை வடிகட்டும் முகமூடியும் வேண்டும்.

வெயில் வேறு!

இனி வெயிலுக்கு வருவோம். 2023 கோடையில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. நமது கணக்கில் 43 டிகிரிக்கு மேல். அந்த ஆண்டில் அந்த மாரிகோப்பா மாவட்டத்தில் மட்டும் வெப்பத்தால் நேர்ந்த சாவுகள் 645. வீடற்ற ஏழைகள் அதில் ஏராளம். வீடு கட்டவும் புதுப்பிக்கவும் பல்லாயிரம் பேர் உழைக்கிற நகரத்தில் வீடில்லாதவன் வெயிலில் செத்தான். இதுதான் முதலாளித்துவ நாகரிகம்!

அந்த வெயிலில் முகத்தை இறுக்கிய முகமூடியோடு ரம்பம் பிடிப்பதை எண்ணிப் பாருங்கள். மூச்சு முட்டும். தொழிலாளி முகமூடியைக் கழற்றுவான். உடனே, "நான் கொடுத்தேன், அவன் போடவில்லை" என்று முதலாளி கைகழுவுவான். ஆகவேதான் தூசியைத் தொழிலாளியின் மூக்கில் தடுக்காமல், ரம்பத்தின் வாயிலேயே தடுக்க வேண்டும் என்கிறோம்.

2024 மார்ச்சில் பீனிக்ஸ் நகரசபை ஒரு சட்டம் செய்தது. தண்ணீர், நிழல், ஓய்வு தர வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் நகரசபையோடு ஒப்பந்தம் செய்த கம்பெனிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஒரு தனி வீட்டில் ஒரு சில்லறைக் காண்டிராக்டரிடம் தரை அறுப்பவன் அதில் வரமாட்டான். டெக்ஸாஸ் ராஜ்யமோ இன்னும் மோசம். ஆஸ்டின், டல்லாஸ் நகரங்கள் கட்டிடத் தொழிலாளிக்குத் தண்ணீர் குடிக்க 4 மணி நேரத்துக்கு 10 நிமிஷ ஓய்வு என்று விதித்திருந்தன. இத்தகைய நகர விதிகளைச் செல்லாததாக்கும் சட்டத்தை 2023இல் ராஜ்ய சர்க்கார் நிறைவேற்றியது. பத்து நிமிஷம்! அதுகூடப் பொறுக்கவில்லை.

ஏன் தொழிலாளிகள் எதிர்த்துக் கேட்கவில்லை என்பீர்கள். அந்தப் பகுதியில் கட்டிட வேலை செய்வோரில் மெக்ஸிகோவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். பலரிடம் குடியேற்றப் பத்திரம் இல்லை. நிறுத்தி விசாரிக்கும் ஆள்மீது சந்தேகம் எழுந்தால் பத்திரம் கேட்கப் போலீசுக்கு வழி செய்தது 2010ஆம் ஆண்டு அரிஸோனா சட்டம். "தண்ணீர் எங்கே?" என்று கேட்டால், "உன் பத்திரம் எங்கே?" என்று திருப்பிக் கேட்பான் என்ற பயம். அதற்கும் மேலாக, 1946 முதல் அரிஸோனாவில் "வேலை செய்யும் உரிமை" என்ற அழகான பெயரில், சங்கத்தைப் பலவீனமாக்கும் சட்டம் இருக்கிறது. சங்கம் பேரம் பேசி வாங்கித் தரும் பலனை அனுபவிப்பவன் சந்தா கொடுக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம்.

நமக்கு இதில் என்ன?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

வளைகுடா நாடுகளில் நமது பிள்ளைகள் கட்டிட வேலை செய்கிறார்கள். அங்கும் பாலைவனம், கான்கிரீட், ரம்பம். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. கத்தாரில் 2021 முதல் ஜூன் 1இலிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை தடை. இவை வேண்டியவைதான். ஆனால் தூசிக்குக் கடிகாரம் தெரியாதே! கூரைக்குக் கீழே, மூடிய அறையில், உலர்ந்தபடி அறுத்தால் எந்த நேரத்திலும் அது நுரையீரலை அறுக்கும். எமிரேட்ஸில் சங்கம் அமைக்கவும் சட்டம் இடம் தருவதில்லை.

நமது நாட்டிலேயே ராஜஸ்தான் பாலைவனத்தில் மணற்கல் வெட்டும் தொழிலாளிகள் இதே நோயால் செத்தார்கள். நீண்ட போராட்டத்தின் பிறகு 2019இல் அந்த ராஜ்ய சர்க்கார் நோயாளிகளின் நிவாரணத்துக்கென்று ஒரு கொள்கை வகுத்தது.

ஆலைத் தோழர்களே! உங்கள் ஆலையில் புகை போல ஈரம் தெளிக்கிறார்களே, யாருக்காக? நூல் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக! உங்கள் நெஞ்சில் பஞ்சுத் தூசி அடைவதைத் தடுக்கவா? அமெரிக்காவில் 1978இல் பஞ்சுத் தூசிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். செலவையும் பலனையும் தராசில் போட்டுப் பார்த்துத்தான் விதி செய்ய வேண்டும் என்றார்கள். 1981இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. சங்கம் விடாமல் நின்றதால் கிடைத்த பலன் அது.

விவசாயத் தோழர்களே! பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரி முழுவதும் உங்களை விழிக்க வைக்கும் மிராசுதார், கதிர் அறுக்கும் உங்களுக்குக் குடிக்க ஒரு பானைத் தண்ணீர் வைத்தாரா? அரிஸோனாக்காரனின் கதை உங்கள் கதைதான்.

ஆகவே கான்கிரீட் அறுக்கும் இடம் எதுவாயினும், நமது கோரிக்கைகள் இவை:

1. ரம்பத்தில் தண்ணீர், அல்லது துளையிடும் கருவியில் தூசி உறிஞ்சும் அமைப்பு இல்லாமல் வேலை கூடாது. சேற்றைக் காயுமுன் அகற்ற வேண்டும்.

2. தளத்துக்குள் ஓடும் வடத்தையும் மின்கம்பியையும் குறித்த பிறகே ரம்பம் எடுக்க வேண்டும்.

3. மூடிய அறையில் பெட்ரோல் ரம்பம் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனை இல்லாமல் ஆளைக் கொல்லும்.

4. குடிநீர், நிழல், கூலியோடு ஓய்வு. புதிதாக வந்தவனுக்கு முதல் நாளிலேயே முழு வேலை கூடாது. வெப்பத்தால் சாகும் தொழிலாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் முதல் வாரத்திலேயே சாகிறார்கள். வேலையை நாளுக்கு நாள் கூட்டி உடலைப் பழக்க வேண்டும்.

5. நுரையீரல் பரிசோதனை முதலாளியின் செலவில். நோய் கண்டால் கூலி குறையாமல் வேறு வேலை; முடியாதவனுக்கு நஷ்டஈடு.

இதில் எது முடியாத கோரிக்கை? எதுவும் இல்லை. தூசியைத் தண்ணீர் அடக்கும் என்பது 1930இலேயே தெரியும். 2016 வரை அது விதியாகாமல் இருந்ததற்குக் காரணம் அறிவுப் பஞ்சமல்ல, லாப வேட்டை. அறிவு இருந்தும் கிடைக்காததை ஸ்தாபன பலத்தால்தான் பெற முடியும். உங்கள் ஊரில் வீடு இடிக்கிறவன், தரை அறுக்கிறவன், கல் உடைக்கிறவன் எவனும் சங்கத்துக்கு வெளியே நிற்கக் கூடாது. அவனைத் தேடிச் சென்று பேசுங்கள். வளைகுடாவுக்குப் புறப்படும் பிள்ளையிடம், உலர்ந்தபடி அறுக்கச் சொன்னால் மறுத்துப் பேசவும், தனியாகப் பேசாமல் கூட இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசவும் சொல்லி அனுப்புங்கள்.

கான்கிரீட்டுக்குத் தண்ணீர் உண்டு. ரம்பத்துக்குத் தண்ணீர் உண்டு. நூலுக்கு ஈரம் உண்டு. இவற்றையெல்லாம் உண்டாக்குகிற தொழிலாளிக்கும் உண்டு என்று ஆக்குவதே நமது வேலை.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!