கொதிக்காத தண்ணீர்தான் ஆபத்து

இன்னைக்கு கோடிங் பேச்சு கிடையாது. என் ரூம்மேட்டோட வலது கையைப் பத்திப் பேசணும்.

போன மாசம், ராத்திரி பதினோரு மணி இருக்கும். ஒரு கண்ணாடி மக்ல தண்ணி ஊத்தி மைக்ரோவேவ்ல மூணு நிமிஷம் வச்சான். எடுத்துப் பார்த்தா ஒரு குமிழிகூட இல்ல. இன்னும் சூடாகலன்னு நினைச்சு மறுபடியும் ஒரு நிமிஷம். வெளிய எடுத்து இன்ஸ்டன்ட் காபித்தூளைப் போட்டான், அவ்வளவுதான். பாதித் தண்ணி அப்படியே பொங்கி எழும்பி அவன் கையில கொட்டிடுச்சு. குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம் கையைக் காட்டச் சொல்லிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வாரம் இடது கையாலதான் டைப் பண்ணான்.

என்ன நடந்துச்சு? அடுப்புல வைக்கும்போது பாத்திரத்தோட அடிதான் முதல்ல சூடாகும். அங்கிருந்து குமிழி கிளம்பும், கொதிக்குதுன்னு நமக்குத் தெரியும். மைக்ரோவேவ்ல தண்ணியே நேரடியா சூடாகுது. மக் வழுவழுன்னு இருந்தா, குமிழி பிடிச்சு வளர ஒரு கீறல்கூட இருக்காது. அதனால தண்ணி 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம சும்மா நிக்கும். ஏற்கெனவே ஒருமுறை சூடுபண்ண தண்ணியில கரைஞ்சிருந்த காற்றும் போயிருக்கும், அது இன்னும் மோசம். அந்த நேரத்துல தூளோ ஸ்பூனோ உள்ள போனா, தேக்கி வச்ச சூடு மொத்தமும் ஒரே நொடியில ஆவியாகி வெளிய வரும்.

தீர்வு ரொம்பச் சின்னது. சூடு பண்றதுக்கு முன்னாடியே ஒரு மரக்குச்சியோ மர ஸ்பூனோ மக்ல போட்டுடுங்க. முடிஞ்சதும் உடனே எடுக்காம, ஒரு நிமிஷம் உள்ளேயே இருக்கட்டும்.

விஷயம் கேள்விப்பட்டு அம்மா போன்ல, "அந்தக் கதிர்வீச்சுப் பெட்டி வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே"ன்னாங்க. அம்மா, அது 2.45 கிகாஹெர்ட்ஸ். நம்ம வைஃபையும் கிட்டத்தட்ட அங்கதான் ஓடுது. அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், கதவு வலையில இருக்கிற ஓட்டையோ ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர். அலை அதுல நுழைஞ்சு வர முடியாது. ஆஃப் பண்ணிட்டா சாப்பாட்டுல எதுவும் மிச்சம் நிக்காது. ஆனா கதவு கோணியிருந்தாலோ, சரியா மூடலைன்னாலோ அம்மா சொல்றதுதான் சரி. பயன்படுத்தாதீங்க.

அவங்க பயப்படாத விஷயங்கள்தான் என்னை பயமுறுத்துது. அவிச்ச முட்டையைச் சூடு பண்ணக் கூடாது. உள்ள ஆவி அடைபட்டு, சில நேரம் வாயில வைக்கும்போதுதான் வெடிக்கும். அக்கா குழந்தைக்குப் பால் சூடு பண்ணப்போ நானே தடுத்தேன். பாட்டில் வெளிய வெதுவெதுன்னு இருக்கும், உள்ள அங்கங்க கொதிக்கும். தீப்பிடிச்சா கதவைத் திறக்காம சுவிட்சை அணைங்க, திறந்தா காத்து உள்ள போய் இன்னும் எரியும்.

இன்னொண்ணு. நான் இசிஇ படிச்சவன், ரிப்பேர்னா கழட்டிப் பார்க்கக் கை துறுதுறுங்கும். இதை மட்டும் தொட மாட்டேன். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல ஆளைக் கொல்ற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ரூம்மேட் கை ஆறிடுச்சு. காபிக்கு இப்போ இண்டக்‌ஷன் அடுப்புதான். மைக்ரோவேவ் மேல ஒரு டம்ளர் நிறைய ஐஸ்க்ரீம் குச்சி வச்சிருக்கேன், அவன் இன்னும் தொடல.