சாகணுக்கு வந்த அமெரிக்க லாரி



விமான் நகரில் வாழும் நம்மவர்க்கு நகர் ரோட்டின் லாரி வரிசை பழகிய காட்சியாகும். டாடா, அசோக் லேலண்ட், ஐஷர் என்னும் பெயர்களே அவ்வரிசையில் மிகுதி. நாமக்கல் பதிவெண் தாங்கிய வண்டியொன்று இடையில் தென்பட்டால் ஊர் நினைவு வந்துவிடுகிறது. அமெரிக்கப் பெயரை மட்டும் தேடித்தான் காண வேண்டும்.

முற்காலத்தில் நிலைமை வேறு. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஸ்தாபனத்தார் செய்த டாட்ஜ், பார்கோ லாரிகளை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1954-இல் ஜாம்ஷெட்பூரில் டாடாவினர் ஜெர்மானியர் துணையுடன் டீஸல் லாரி செய்யத் தொடங்கினர். மறு ஆண்டு எண்ணூரில் லேலண்டு கூட்டுறவு ஏற்பட்டது. அதன்பின் அமெரிக்க வண்டிகளின் இடம் குறுகலாயிற்று.

ஆயினும் ஓர் அமெரிக்கப் பெயர் இதே புனேயை நாடி வந்தது. அதுவே இண்டர்நேஷனல். 1902-இல் உழவுக் கருவி செய்வோர் ஐவர் ஒன்றுகூடி அமைத்த இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, 1907-இல் குடியானவர்களுக்கென உயர்ந்த சக்கரங்கள் கொண்ட மோட்டார் வண்டியைச் செய்தது. 1963-இல் மஹீந்திராவுடன் சேர்ந்து நம் நாட்டில் டிராக்டர் தொழிலைத் தொடங்கிற்று. 1986-இல் நேவிஸ்டார் என்று பெயர் மாறிய அக்கம்பெனி, 2005-இல் லாரிக்காக மீண்டும் மஹீந்திராவோடு கைகோத்தது. மஹீந்திராவுக்கு 51 பங்கு, அமெரிக்கருக்கு 49. மொழிபெயர்ப்பு மேசையில் நாம் இத்தகைய ஏற்பாட்டைக் 'கூட்டு முயற்சி' என்று எழுதுவது வழக்கம். வெற்றிக்கு உறுதி கூறாத நல்ல சொல் அது.

விமான் நகருக்கு வடக்கேயுள்ள சாகணில் தொழிற்சாலை எழுந்தது. கனரக லாரிகள் வெளிவந்தன. குறை வண்டியில் இருந்ததென நாம் கருதவில்லை. லாரி வாங்குவோர் எஞ்சினை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. நள்ளிரவில், பெயர் தெரியாத ஊரில், வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக் கிடைப்பானா? உதிரிப் பாகம் அவ்வூர்க் கடையில் உண்டா? ஐந்தாண்டு கழித்து விற்றால் என்ன விலை வரும்? கடன் தவணை மாதந்தோறும் வந்து நிற்கையில், வண்டி இரண்டு நாள் நின்றாலும் சிறு உரிமையாளர் குடும்பம் தள்ளாடும். இக்கேள்விகளுக்கு டாடாவும் லேலண்டும் அரை நூற்றாண்டாக விடை அளித்து வந்தன. புதியவரால் அதைச் சில ஆண்டுகளில் அளிக்க இயலுமா?

அமெரிக்காவிலும் தொல்லை சூழ்ந்தது. 2010-ஆம் ஆண்டின் புகைக் கட்டுப்பாட்டுக்குப் பிறர் கைக்கொண்ட யூரியா முறையை விடுத்து நேவிஸ்டார் தனி வழி சென்று பெருநஷ்டம் அடைந்தது. 2012 டிசம்பரில் தன் 49 பங்கையும் மஹீந்திராவுக்கே விற்க உடன்பட்டது.

தனித்து நின்ற மஹீந்திரா 2016-இல் பிளேஸோ லாரியைக் கொணர்ந்து, மைலேஜ் கூடுதலாகத் தராவிடில் வண்டியைத் திருப்பித் தரலாம் என்று வாக்களித்தது. துணிவான வாக்குதான். எனினும் 2025-இல் அக்கம்பெனியே கூறிய கணக்கின்படி, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரி, பஸ் சந்தையில் அதன் பங்கு 3 சதவீதம். எஸ்.எம்.எல். இசுஸு கம்பெனியை வாங்கி அதை 6 ஆக்க முனைந்தது.

நேவிஸ்டாரோ 2021-இல் வோக்ஸ்வாகன் குழுமத்தின் டிராட்டன் வசமாயிற்று. 2024-இல் அப்பெயரையும் களைந்து, மீண்டும் இண்டர்நேஷனல் என்றே தன்னை அழைத்துக்கொண்டது.